புதுச்சேரியில் பதினேழாவது சுற்று

காலை 8.50-க்குப் புறப்படும் என்று விழுப்புரம் பேருந்து நிலையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 9.05-க்கு ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய இரண்டாவது டீ. முதலாவதையும் நான் பார்த்தேன். எப்போது வண்டியை எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, "பெரியவரே, பாண்டி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். 9.13-க்கு வண்டி நகர்ந்தது. இருபத்து மூன்று நிமிடத் தாமதம். தூரம் முப்பத்தொன்பது கிலோமீட்டர், கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். சன்னலோர இருக்கையின் கம்பி வளைந்திருந்தது. என் இடது முழங்கை வழி நெடுக அதில் இடித்துக்கொண்டே வந்தது.

எழுபத்தாறு வயதில் ஒரு ஓட்டப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்காக ஒருவன் இன்னொரு ஊருக்குப் போவானா என்று என் மருமகன் கேட்டான். மாதம் நாற்பத்தொன்பது ரூபாய் கூடுதலாகக் கட்டினால் அந்த அலைவரிசை வீட்டிலேயே வரும் என்றும் சொன்னான். போகவர எழுபது ரூபாய், நாற்பத்தொன்பதைவிட இருபத்தொன்று அதிகம் என்பது கணக்கு வாத்தியாராக முப்பத்தெட்டு வருடம் இருந்த எனக்கும் தெரியும். ஆனால் புதுச்சேரியிலிருந்து ஹமீது பாய் போன் செய்து, "ஸ்டாப்வாட்ச் எங்கிட்ட இருக்குது வாத்தியாரே, எண்ணத்தான் ஆளு இல்ல" என்று சொன்ன பிறகு நான் எப்படி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியும்?

நாங்கள் இருவரும் மாவட்டப் போட்டிகளிலும் மாநிலப் போட்டிகளிலும் முடிவுக் கோட்டருகே பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள். அவர் நேரம் பார்ப்பார். நான் சுற்று எண்ணுவேன். பத்தாயிரம் மீட்டர் என்றால் மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். ஓடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் முந்தி, சிலர் ஒரு முழுச் சுற்றே பின்தங்கி, எல்லோரும் கலந்து ஓடும்போது யார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். முப்பத்தொரு வருடம் அந்த ஆள் நான். எனக்கு ஒரே ஒரு விதிதான். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. பார்க்காததை ஊகிக்காதே.

இந்த முறை ஆசிய நாடுகளின் போட்டியில் பெண்களுக்கான பத்தாயிரம் மீட்டரில் ஓடுகிறவள் கௌசல்யா. புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பெண், இருபத்து நான்கு வயது. பள்ளிப் பருவத்தில் இரண்டு போட்டிகளில் அவளுடைய சுற்றுகளை நான் எண்ணியிருக்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியாது. ஓடுகிறவர்கள் எண்ணுகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தேசிய அளவிலான பந்தயத்தில் பத்தொன்பதாவது சுற்றில் காலைப் பிடித்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து துறைமுகத்தில் அவளுக்கு 'பாதியில் ஒக்காந்தவ' என்று பெயர். அவள் அம்மா அஞ்சலை மீன் கூடையோடு எந்தத் தெருவில் நுழைந்தாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிக்காட்டாமல் விடுவதில்லை என்று பாய் சொன்னார். இன்று அந்தப் பெயர் போக வேண்டும். நான் பேருந்தில் ஏறியது அதைப் பார்க்கத்தான்.

விழுப்புரத்திலிருந்து போகிறவர்கள் மூன்று முறை எல்லை தாண்டுகிறார்கள். மதகடிப்பட்டில் புதுச்சேரி தொடங்குகிறது. கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு. அரியூரில் மறுபடி புதுச்சேரி. பலகைகளைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மதுக்கடைகள் வரிசையாகத் தொடங்கினால் புதுச்சேரி, நின்றால் தமிழ்நாடு. சாலையின் இடது பக்கத்தில் மட்டும் முப்பத்து மூன்று கடைகள் எண்ணினேன். அரியூர் தாண்டி ஒரு செங்கல் லாரி சிறிது தூரம் எங்களுக்கு இணையாக வந்து சன்னலை மறைத்தது. அந்த இடத்தில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

10.41. புதுச்சேரி. இந்திரா காந்தி சிலை அருகே சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டியபடி நின்றார். அந்தக் கைக்கு யாரும் கட்டுப்படவில்லை. பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் நெல்லித்தோப்புக்கு நூற்றிருபது கேட்டார். ஒரு கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்கு! நடந்தேன். ஆயிரத்து எழுநூற்று முப்பது அடி வைத்தேன். அதில் நடைபாதை என்று சொல்லத்தக்க இடத்தில் வைத்தவை இருநூறுகூட இருக்காது. மீதியெல்லாம் இரண்டு சக்கர வண்டிகள் நிறுத்தியிருந்த இடம்.

ஹமீது பாயின் கடிகாரக் கடை நெல்லித்தோப்பில் ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு செல்போன் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அகலம் ஆறடி. சுவரில் பதினான்கு கடிகாரங்கள். பதினான்கும் ஒரே நேரம் காட்டுகின்றன. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். வயது எழுபத்தெட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்காமல், "ஒரு மணி நேரம் லேட்டு" என்றார். பேருந்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "உங்க ஊரு பஸ்ஸுக்கு நீங்கதான் வக்கீலா?" என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்துத் துடைத்து என் முன்னால் வைத்தார். அந்தக் காலத்து முள் கடிகாரம் இல்லை, எண்கள் ஓடுவது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அழுத்தினால் அத்தனை சுற்று நேரங்களையும் தனித்தனியாகச் சேமித்து வைக்கும். "நீங்க பேரச் சொன்னதும் நான் அமுக்குறேன்" என்றார். எங்கள் ஏற்பாடு மைதானத்து நாட்களில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டோம். சோறு, மீன் குழம்பு, எனக்கு மூன்று துண்டு, அவருக்கு இரண்டு. 2.35-க்கு ஆட்டோ பிடித்தோம். தேங்காய்த்திட்டுக்கு நூற்றைம்பது என்றார் ஓட்டுநர். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

2.58. துறைமுகம். பகலில் ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஏலக் கூடத்தின் ஒரு முனையில் பெரிய திரை. வாசலில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். அதில் பதினேழு முகங்கள் இருந்தன. பதினாறு முகங்கள் வேட்டி சட்டைக்காரர்களுடையவை. பதினேழாவது முகம் வலது ஓரத்தில், கீழே, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக. அதுதான் கௌசல்யா. ஓடப்போகிறவள் அவள். இந்தப் பதினாறு பேரும் சேர்ந்தால் ஒரு சுற்று ஓடுவார்களா?

நாற்காலிகள் இருநூறு. உட்கார்ந்திருந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். ஏற்பாடு செய்த பகுதிப் பிரமுகர் மைக்கைப் பிடித்து இருபத்திரண்டு நிமிடம் பேசினார். அதில் கௌசல்யாவின் பெயர் இரண்டு முறை வந்தது. தன் சொந்தப் பெயரை ஒன்பது முறை சொன்னார்.

அஞ்சலை முதல் வரிசையில் இல்லை. கடைசியில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட மீன் டிரேயின் மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். காலை விற்பனை முடித்து நேராக வந்தவர் போலிருந்தது. முழங்கை வரை செதில் ஒட்டியிருந்தது. பாய் அவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். "சுத்து எண்றவரு" என்றார். அஞ்சலை என்னைப் பார்த்து, "அப்ப கரெக்டா எண்ணுங்க சார்" என்றார். முப்பத்தொரு வருடம் எண்ணியவனிடம் ஒருவர் இப்படிச் சொன்னால் எப்படியிருக்கும்? அவர் மடியில் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் இருந்ததைக் கவனித்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

3.44. நான்கு நிமிடத் தாமதத்தோடு ஓட்டம் தொடங்கியது. பதினான்கு பெண்கள். அங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால், விளக்கொளியில் ஓடினார்கள். எல்லோர் காலணியிலும் ஒரு மின்னணுச் சில்லு கட்டியிருந்தது. கோட்டைக் கடக்கும்போது சில்லே எண்ணிக்கொள்ளுமாம், மனிதன் தேவையில்லையாம். திரையின் மூலையில் மீதிச் சுற்றுகள் என்று ஒரு எண் வந்தது. அது முதலில் போகிறவளுக்கான எண். மற்ற பதின்மூன்று பேருக்கும் திரையில் எண் கிடையாது.

நான் குறிப்பேட்டைத் தொடையில் வைத்துக்கொண்டேன். கௌசல்யா கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் "கௌசி" என்றேன், பாய் அமுக்கினார், நான் ஒரு கோடு போட்டேன். எண்பது விநாடி, எழுபத்தொன்பது, எண்பது. இயந்திரம்போல ஓடினாள். பத்தாவது சுற்றில் ஏழாவது இடத்தில் இருந்தாள். பதின்மூன்றில் எட்டாவது இடத்துக்குப் போனாள். பதினாறாவது சுற்றை முடித்தபோது அவளுக்கு முன்னால் இரண்டு பேர் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை முந்துவதற்காக வெளிப்பக்கம் ஒதுங்கத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில் திரை மாறியது.

ஏதோ ஓர் அரங்கில் ஏதோ ஒரு பெரிய மனிதர் யாருக்கோ பதக்கம் போடுகிறார். அது முடிந்ததும் விளம்பரங்கள். ஒரு கார், ஒரு சிமெண்ட், ஒரு முகப்பூச்சு. காலில் பத்தாயிரம் மீட்டரை வைத்துக்கொண்டு பதினான்கு பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இங்கே ஒருத்தி கன்னத்தில் க்ரீம் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் பதினைந்து விநாடி. நூறு மீட்டர் ஓட்டத்தின் நடுவில் இப்படிச் செய்வார்களா? கிரிக்கெட்டில் பந்து காற்றில் இருக்கும்போது செய்வார்களா? நான் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

மைதானம் திரும்பி வந்தபோது கௌசல்யா அந்த இருவரையும் முந்தி ஆறாவது இடத்தில் இருந்தாள். கோட்டைக் கடந்தாள். "கௌசி" என்றேன். பாய் அமுக்கினார். நான் பதினேழாவது கோட்டைப் போட்டேன்.

முதலில் போனவள் 31 நிமிடம் 40 விநாடியில் முடித்தாள். அவள் கௌசல்யாவை ஒரு சுற்று முந்தியிருந்தாள். 33 நிமிடம் 19 விநாடிக்கு கௌசல்யா கோட்டைக் கடந்து நின்றாள். ஒரு அதிகாரி ஓடி வந்து கையைச் சுழற்றி, இன்னும் ஒரு சுற்று ஓடு என்று காட்டினார். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். அவர் மறுபடியும் காட்டினார். அவள் தடத்தைவிட்டு இறங்கி, முழங்காலில் கையூன்றி நின்றாள்.

நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். "இருபத்து நாலு" என்றேன், சத்தமாகவே. "ஒரு சுத்து பாக்கி."

என் வாயிலிருந்து வந்த அந்த எண், கூடத்தின் மறுமுனைக்கு நான் வாயை மூடுவதற்குள் போய்விட்டது. சார் எழுதி வெச்சிருக்காராம், ஒரு சுத்து பாக்கியாம், மறுபடியும் நிறுத்திட்டாளாம். 4.26-க்குத் திரையில் முடிவுப் பட்டியல் வந்தது. எல்லோர் பெயருக்கு நேராகவும் நேரம். கௌசல்யாவின் பெயர் கடைசியில். நேரம் இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டத்தை முடிக்கவில்லை என்பதற்கான மூன்று எழுத்துகள்.

பிரமுகர் மைக்கைப் பிடிக்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "போன தடவ பத்தொம்போதுல ஒக்காந்தா. இந்தத் தடவ இருவத்தி நாலு. அடுத்த தடவ முடிச்சிடுவா, விடு." சிரித்தார்கள். 4.28-க்குத் திரையை கிரிக்கெட்டுக்கு மாற்றினார்கள். நாற்காலிக்காரர்கள் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள். கூடத்தில் மிஞ்சியவர்களை எண்ணினேன். எங்களையும் சேர்த்து ஏழு பேர்.

அஞ்சலை தூணை விட்டு எழுந்து வந்தார். அழவில்லை. என் முன்னால் நின்று, "இருவத்தி நாலுன்னு நீங்கதான் சொன்னீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையிலிருந்த கிளிஞ்சல்களைச் சிமெண்ட் தரையில் கொட்டினார். "இத எண்ணுங்க. சுத்துக்கு ஒண்ணு வெச்சேன்."

எண்ணினேன். இருபத்தேழு. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அவள் ஒன்று குறைவாக ஓடினாளா என்று ஊரே பேசும்போது, இந்த அம்மாள் இரண்டு அதிகமாகக் காட்டுகிறார். "இருபத்தஞ்சுதான்மா மொத்தமே. இருபத்தேழு எங்கேருந்து வந்துது?" என்று கேட்டேன்.

"பத்துக்கு ஒண்ணு மேல வெக்கிறது சார். கொசுறு. மீன் எண்ணிப் போட்டா அப்படித்தான், கை தானா வெச்சிடும். ரெண்டு பத்துக்கு ரெண்டு. அதக் கழிங்க."

கழித்தேன். இருபத்தைந்து.

பாய் என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. நடுவில் விளம்பரம் வந்ததே, பார்க்காததை எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டேன். அஞ்சலை என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வெளம்பரம் போட்டா எம்பொண்ணு நின்னுடுவாளா சார்? அவ ஓடிக்கிட்டுதான இருந்தா. எவ்ளோ நேரத்துக்கு ஒருக்கா வந்தாளோ அவ்ளோ நேரம் ஆச்சு. ஒண்ணு எடுத்து வெச்சேன்."

பாய் ஸ்டாப்வாட்சை எடுத்துச் சேமித்த நேரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். நான் பக்கத்திலிருந்து படித்தேன். பதினைந்து, எண்பது விநாடி. பதினாறு, எழுபத்தொன்பது. பதினேழு, நூற்று அறுபத்தொன்று. பதினெட்டு, எண்பது. பத்தொன்பது, எண்பது. கடைசிவரை எண்பதுதான், ஒன்றிரண்டு விநாடி இப்படி அப்படி. நூற்று அறுபத்தொன்று ஒரே ஒரு இடத்தில்.

எண்பதும் எண்பத்தொன்றும் நூற்று அறுபத்தொன்று. ஏழாம் வகுப்புக் கணக்குகூட இல்லை. இரண்டு சுற்றை நான் ஒன்றாக எழுதியிருந்தேன். எத்தனை போட்டி, எத்தனை ஆயிரம் கோடுகள், பார்த்ததை மட்டும் எழுது என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன்! ஒரு சிமெண்ட் விளம்பரம் ஓடிய நேரத்தில் ஒரு பெண் ஓடாமல் இருந்திருப்பாள் என்று என் குறிப்பேடு சொல்கிறது. அதைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி நான் சொல்லியுமிருக்கிறேன். அன்று முழுக்க யார் யார் மேலோ பட்டுக்கொண்டிருந்த கோபம் அந்த இடத்தில் என் மேல் திரும்பியது. நேரம் 4.33.

முடிவை அறிவித்த அரை மணிக்குள் அணியின் சார்பில் எழுத்தில் முறையீடு கொடுக்க வேண்டும். எந்தப் போட்டியிலும் இதுதான் விதி. 4.56 தாண்டினால் அந்த மூன்று எழுத்துகள் நிரந்தரம். கௌசல்யாவின் போன் அணைத்து வைத்திருந்தது. அஞ்சலையிடம் பயிற்சியாளரின் எண் இருந்தது. 4.35-க்கு அடித்தோம், எடுக்கவில்லை. 4.36, எடுக்கவில்லை. 4.38, வேறு யாருடனோ பேசுகிறார். திரையில் யாரோ நான்கு ரன் அடித்ததற்கு ஒரு நாற்காலிக்காரன் கைதட்டினான். 4.41-க்கு எடுத்தார்.

சேலத்துக்காரர். கௌசல்யாவின் மேல் கோபமாக இருந்தார். என்னிடம், நீங்கள் யார், எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார். தேங்காய்த்திட்டு ஏலக் கூடத்திலிருந்து என்றேன். சிரித்தார். "சார், சில்லு சொல்லுது இருவத்தி நாலுன்னு. சில்லுக்குத் தெரியாதது டிவியில பார்த்த உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது தம்பி. எங்கிட்டயும் இருவத்தி நாலுதான் இருக்கு" என்றேன். "உங்க கையில சுற்று நேரத் தாள் இருக்கும். பதினஞ்சாவது சுத்துலேருந்து கொஞ்சம் படிங்க."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. எரிச்சலோடு படித்தார். "பதினஞ்சு, எம்பது. பதினாறு, எழுவத்தி ஒம்போது. பதினேழு, ரெண்டு நிமிஷம் நாப்பத்தொண்ணு. பதினெட்டு…"

நிறுத்தினார். விடை கரும்பலகையில் இருக்கும்போது வாத்தியார் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

"சார், இது ரெண்டு சுத்து" என்றார். "அந்த ரெண்டு பேரத் தாண்ட வெளிய போனா. கோட்டுல சில்லு படிக்கிற பட்டை அவ்வளவு தூரம் இல்ல போல."

"நேரம் 4.45. உங்களுக்குப் பதினோரு நிமிஷம் இருக்கு" என்றேன்.

அஞ்சலை போனை என் கையிலிருந்து பிடுங்கினார். "தம்பி, எத்தினியாவதுன்னுல்லாம் வேணாம். முடிச்சான்னு போடச் சொல்லு. அது போதும். முடிச்சான்னு."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. நாற்காலிகளைக் கொண்டுபோய்விட்டதால் மூவரும் மீன் டிரேக்களின் மேல் உட்கார்ந்தோம். டீ மூன்று, முப்பத்தாறு ரூபாய். சர்க்கரை அதிகம். பாய் பதினேழாவது சுற்று நேரத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கியபோதே கவனித்திருக்க வேண்டும் என்றார். நான் பெயரைச் சொன்னதும் அமுக்குகிறவர்தானே நீங்கள், தவறு என்னுடையது என்றேன். எங்கள் நாற்காலிப் பழக்கத்தில் நான் இப்படிச் சொன்னது அவருக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டும். "இன்னா வாத்தியாரே, ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

5.52-க்குப் பயிற்சியாளர் கூப்பிட்டார். 4.53-க்கு முறையீடு கொடுத்திருக்கிறார். மூன்று நிமிடம்தான் மிச்சம். ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தார்களாம். இருபத்தைந்து சுற்று. ஆறாவது இடம். நேரம் 33 நிமிடம் 19 விநாடி. அவள் இதுவரை ஓடியதில் இதுதான் மிக வேகம். பதக்கம் இல்லை. சில்லைப் பற்றி வருத்தம் தெரிவித்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். பட்டியலைத் திருத்தி ஒட்டிவிட்டுப் போய்விட்டார்களாம்.

ஆறே காலுக்கு கௌசல்யாவே போன் செய்தாள். அஞ்சலை போனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு நேரே பிடித்துப் பேசுகிறவர், அதனால் எங்களுக்கும் கேட்டது. "அம்மா, நான் நிறுத்தலம்மா. நான் எண்ணிக்கினேதான் ஓடினேன்."

"தெரியும்டி. சாப்ட்டியா?"

"யாரும்மா அங்க எண்ணுனது? கோச் யாரோ எண்ணினாங்கன்னாரு."

அஞ்சலை என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "நான்தான்" என்றார்.

அதில் எனக்கு மறுப்பில்லை. உண்மை அதுதான்.

நாங்கள் எழுந்தபோது பிரமுகர் இரண்டு பேரோடு வேகமாகத் திரும்பி வந்தார். செய்தி எப்படியோ போயிருக்கிறது. ஆறாவது இடத்துக்கு ஒரு சால்வை போட்டு ஒரு படம் எடுக்க வேண்டும், அம்மா கொஞ்சம் பிளக்ஸ் பக்கமாக வந்து நிற்க வேண்டும் என்றார். அஞ்சலை தன் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "நாற்காலியெல்லாம் தூக்கினு போயிட்டீங்களே தலைவரே, எங்க ஒக்காருவீங்க? பாதியில ஒக்காந்தா தப்பாச்சே" என்று சொல்லிவிட்டு நடந்தார். சால்வை அந்த ஆள் கையிலேயே இருந்தது.

மாலை 7.10. புதுச்சேரி பேருந்து நிலையம். ஆட்டோவுக்கு நூற்றறுபது, மதியத்தைவிடப் பத்து அதிகம், இருட்டிவிட்டதாம். பாய் வழியனுப்ப வந்தார். ஸ்டாப்வாட்சில் இருந்த நேரங்களை அழிக்கவில்லை என்றார், அழிக்கவும் போவதில்லையாம். நான் பேருந்தில் குறிப்பேட்டைத் திறந்தேன். பேனாவால் போட்ட இருபத்து நான்கு கோடுகள். எதையும் அடிக்கவில்லை. பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் ஒரு சிறு கோடு நெருக்கிப் போட்டு, 'பார்க்கவில்லை, ஓடினாள்' என்று எழுதினேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த அலைவரிசைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதப்போகிறேன். சில்லு செய்தவனுக்கு ஒன்று. எங்கள் ஊரிலும் இதே திரை, இதே விளம்பரம், இதே நாற்காலிதான். ஆனால் எங்கள் ஊரில் தூணுக்குப் பக்கத்தில் கிளிஞ்சலோடு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நான் எழுதிய இருபத்து நான்கே கடைசிவரை நின்றிருக்கும்.

காலையில் பார்த்த அதே பக்கத்தைப் பார்ப்பதற்காக வலது பக்கம் உட்கார்ந்தேன். வில்லியனூர் தாண்டியதும் மதுக்கடைகளை எண்ணத் தொடங்கினேன். அரியூருக்கு முன்னால் ஒரு டேங்கர் லாரி எங்களுக்கு இணையாக வந்து சன்னலை மறைத்தது. காலையில் செங்கல் லாரி மறைத்த அதே இடமாகத்தான் இருக்க வேண்டும். லாரி விலகும்வரை காத்திருந்தேன். விலகியபோது இருட்டில் ஒரு வயல்தான் தெரிந்தது.

முப்பத்து மூன்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.